கடலுக்குச் சொல்லாத செய்திகள்

பிப்ரவரி 6

என்னங்க,

இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி எதுவும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல வாஷிங் மெஷின், மொட்டைமாடிக் கசிவு, பக்கத்து வீட்டுப் பூனை என்று சுற்றி வளைத்து எழுதி, கடைசியில் "நாங்கள் நலம்" என்று முடித்துவிடுவேன். நீங்கள் கப்பலில் இருக்கும்போது வீட்டிலிருந்து கெட்ட செய்தி போகக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். இன்றைக்கு அதை மீறுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். இன்ஜின் ரூமில் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

முதலாளி பள்ளிக்கூடம் போவதில்லை.

ஆமாம், உங்கள் மகள்தான். மூன்று வயதில் "அப்பா இங்க உக்காரு, அம்மா அங்க உக்காரு" என்று அதிகாரம் பண்ணி அந்தப் பட்டப்பெயரை வாங்கியவள், பதினைந்து வயதில் காலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. "நடிக்கிறாளா டாக்டர்?" என்று அவள் காதில் விழாமல் கேட்டேன். "வலி நிஜம்மா. காரணம்தான் வயித்துல இல்ல" என்றார்.

பிறகு சரியாகிவிட்டதுபோல் இருந்தது. தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் நிம்மதியாகக் கடைக்குப் போனேன். போன வாரம் வகுப்பு ஆசிரியை போன் செய்து, "உங்க பொண்ணுக்கு இன்னும் உடம்பு தேறலையா?" என்று கேட்டார்.

மறுநாள் கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை வைத்து அளந்துகொண்டிருந்தேன். அவர் தோளுக்கு மேலே, கடைக் கண்ணாடி வழியாக, எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தம் தெரிந்தது. விளம்பரப் பலகைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண். பஸ் வருகிறது, போகிறது, அவள் ஏறவில்லை. என் புத்தி முதலில் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பையனுக்காகக் காத்திருக்கிறாளோ என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். "என்னடி பண்ற இங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ போ, கஸ்டமர் வெயிட் பண்றாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்களிடம் வீடியோவில் "ஸ்கூலா? சூப்பர்ப்பா!" என்று பல் தெரியச் சிரித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் போனுக்கு வரிசையில் நாலு பேர் நிற்கும்போது வேறு என்ன செய்வது? அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

டாக்டர் ஒரு கவுன்சிலரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வளரும் பிள்ளைகளுக்கென்றே இருப்பவராம். போகப் போகிறோம். இப்படியே போனால் பரீட்சை எழுத வருகைப்பதிவு போதாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள், வருஷமே போய்விடும். திட்டாமல் பதில் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் மனைவி

*

பிப்ரவரி 9

ஏம்மா,

வேலை முடிந்து வந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். சாப்பிடப் போகவில்லை. சமையல்காரர் தட்டோடு வந்து கதவைத் தட்டி, "என்ன ஃபிட்டரே, லவ் லெட்டரா?" என்றார். "ஆமா, கரண்ட் பில் மாதிரி ஒரு லவ் லெட்டர்" என்றேன்.

எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. இவ்வளவு நாளாக நடக்கிறது, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நீ இப்போதுதான் பார்த்தாயா? ஊரில் உள்ளவர்களின் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் நீ.

அக்காவும் போன் செய்தாள். "அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போகப் போறாளாம்டா. நாளைக்கு வெளியில தெரிஞ்சா புள்ளைக்குத்தான் பேரு" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் பெண்ணுக்கு மண்டையில் கோளாறா என்ன? வயசு அப்படி. செல்லம் கூடிப்போயிற்று. ஏப்ரலில் கப்பலை விட்டு இறங்கி வந்ததும் நானே பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும். அதுவரை அக்கா வீட்டில் கொண்டுபோய் விடு. முன்பின் தெரியாத ஆளிடம் நம் வீட்டுக் கதவைத் திறந்து காட்ட வேண்டாம். இது என் முடிவு.

அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்ததா? வெயிலிலா உட்கார்ந்திருந்தாள்?

நான்

*

பிப்ரவரி 17

என்னங்க,

நிழல் இருந்தது.

உங்கள் முடிவு கிடைத்தது. அதற்கு முன்னாலேயே முதல் தடவை போய்வந்துவிட்டோம். கிடைக்காதிருந்தாலும் போயிருப்பேன், கிடைத்த பிறகும் போவேன். பல்லுக்கு ஒன்றென்றால் ஏப்ரல் வரைக்கும் பொறு என்பீர்களா?

உங்கள் அக்காவிடம் நானே சொன்னேன், ஒளித்துச் செய்ய இதில் என்ன இருக்கிறது? "கவுன்சிலரைப் பார்க்கப் போறோம் அண்ணி" என்றதும், "ஏன், உங்க தெருவுலயும் தண்ணி வரலையா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகுதான் அழுகை. அழுது முடித்து, "நான் அவளுக்கு ஸ்வெட்டர் பின்னித் தரேன்" என்றார். எதற்கு ஸ்வெட்டர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த இடம் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. ஒரு தையல் கடைக்கு மேலே முதல் மாடி. கீழே மெஷின்கள் ஓடும் சத்தம் லேசாகக் கேட்கும். மூன்று நாற்காலிகள், மூன்றும் ஒரே உயரம். எனக்கும் அந்தக் கவுன்சிலர் அம்மாவுக்கும் வயது ஒன்றுதான் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். முதலில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தன் விதியைச் சொன்னார். "இவ என்கிட்ட சொல்றது இந்த ரூமோட இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா மட்டும் உங்களுக்குச் சொல்லுவேன், அதையும் இவகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். மத்தபடி நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"நான் அம்மாங்க" என்றேன்.

"அதான் முன்னாடியே சொல்றேன்" என்று சிரித்தார்.

பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இந்தக் கதவை யார் செய்தார்களோ, நல்ல மரம்.

நீங்கள் கவலைப்படுகிற மாதிரி எதுவும் நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். போகும்போது பஸ்ஸிலேயே அவளைத் தயார் செய்துவிட்டேன். "வீட்டுல சண்டை உண்டா"ன்னு கேட்டா, எப்பவாவதுன்னு சொல்லு. "அப்பா ஊர்ல இல்லாதது கஷ்டமா"ன்னா, பழகிருச்சுன்னு சொல்லு. "என்ன பயம்"னு கேட்டா, பரீட்சை பயம்னு சொல்லிரு, அது எல்லாருக்கும் உள்ளதுதான். இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் சரியாகச் சொன்னாள். நம் வீட்டுக் கதவை நான் ஒன்றும் விரியத் திறந்துவிடவில்லை.

திரும்பி வரும்போது என்ன பேசினாய் என்று கேட்டேன். "நீ சொல்லிக்குடுத்ததத்தான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்கள் மனைவி

*

பிப்ரவரி 20

ஏம்மா,

நீ படித்தவள். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் இரும்போடு பேசுகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினாள், வழக்கம்போலச் சிரித்தாள். அதைப் பார்த்தால் நீ எழுதுவதை நம்ப முடியவில்லை. நீ எழுதுவதைப் படித்தால் அந்தச் சிரிப்பை நம்ப முடியவில்லை. நடுவில் நான் கிடந்து முழிக்கிறேன்.

ஸ்வெட்டர் எதற்கு என்று அக்காவிடம் நான் கேட்டேன். "கையை சும்மா வெச்சுக்கிட்டு இருக்க முடியலடா" என்றாள்.

அந்த அம்மாவிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? சும்மாதான் கேட்கிறேன்.

நான்

*

மார்ச் 4

என்னங்க,

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அனுமதி உண்டு.

போன வாரம் கவுன்சிலர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மகளிடம், "எத நெனச்சா ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டார். "பரீட்சைதான். எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று அவள் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்குப் பெருமை. கவுன்சிலர் தலையை ஆட்டினார்.

"ரொம்ப நல்ல பதில். யார் எழுதுனது?"

அவ்வளவுதான். நம் மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். எத்தனை மாதம் ஆயிற்று அப்படிச் சிரித்து! "அம்மா. பஸ்ல கோச்சிங் கிளாஸ் நடக்கும் மேடம். ரிவிஷன் கூட உண்டு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கவுன்சிலர் என்னைத் திட்டவில்லை. "எதுக்கு கோச்சிங்?" என்று மட்டும் கேட்டார். "இல்ல, அவ ஏதாவது தப்பா சொல்லிட்டா..." என்று இழுத்தேன். "யாருக்குத் தப்பா?" என்றார்.

கடையில் நான் என்ன செய்வேன் தெரியுமா? லாரி ஓட்டுகிறவர்கள் சிலர் வருவார்கள். லைசென்ஸ் போய்விடுமே என்று சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து, ஒரு பிழையில்லாமல் வாசிப்பார்கள். நான் பலகையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, "இப்ப வாசிங்க" என்பேன். பிறகு, "என்னை ஏமாத்தி என்ன அண்ணே பிரயோஜனம், ரோட்டையா ஏமாத்த முடியும்?" என்று பெரிய மனுஷிபோலப் பேசுவேன். அந்த வாயாலேயே மகளுக்குப் பலகையை மனப்பாடம் செய்வித்து அழைத்துப் போயிருக்கிறேன்.

அன்றைக்குக் கவுன்சிலர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. எவ்வளவு கஷ்டமென்று உங்களுக்குத் தெரியாது. டிக்கெட் எடுத்தாயா என்று கேட்கலாமா, அதுவும் கேள்வியில் சேருமா என்று கூட யோசித்தேன். முதல் தடவை அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்த தடவை காதிலிருந்து பாட்டுக் கேட்கும் ஒயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். நேற்று, எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவளாகவே பேசினாள்.

"அம்மா, நீ அப்பாவோட வலது கையைக் கடைசியா எப்ப பார்த்த?"

எனக்குப் புரியவில்லை.

"நவம்பர்லருந்து அவர் போனை இடது கைலதான் பிடிக்கிறார். வலது கை மேசைக்கு மேல வர்றதே இல்ல. முன்னெல்லாம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே பேசுவார். இப்ப சொறியறதே இல்ல. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்க்கிறேன்."

நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியது சரிதான், ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள்.

அவள் மேலும் சொன்னதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். "அப்பாவுக்கு என்னமோ ஆயிருக்கு, நல்லா இருக்கேங்கிறார். உனக்கு முதுகுவலி, நீயும் நல்லா இருக்கேங்கிற. எனக்கு உயிரே போகுது, நான் சூப்பர்ங்கிறேன். இந்த வீட்டுல யாராவது செத்தா கூட 'நல்லா இருக்கோம்'னுதானே சொல்லுவீங்க? அப்ப நான் எப்படி ஸ்கூல்ல போய் உக்கார்றது? நீ உயிரோட இருக்கியான்னு நான் நேர்ல வந்து பார்த்தாத்தானே உண்டு?"

அதற்காகத்தான் பஸ் நிறுத்தம். காவல் இருந்திருக்கிறாள்.

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய்விட்டது. கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வந்தோம். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். கைக்கு என்ன?

உங்கள் மனைவி

*

மார்ச் 7

ஏம்மா,

சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை.

வலது கை வெந்துவிட்டது. நவம்பரில். நீராவிக் குழாயில் ஒரு வால்வைக் கழற்றும்போது உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தது. கப்பலிலேயே வைத்தியம் பார்த்தார்கள், அடுத்த துறைமுகத்தில் டாக்டரும் பார்த்தார். தோல் மூடிவிட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தான்தான் போட முடியவில்லை, சமையல்காரர் போட்டுவிடுகிறார். "உன் பொண்டாட்டிகிட்ட சம்பளம் கேட்பேன்" என்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கெட்ட செய்தி வீட்டிலிருந்து கடலுக்குப் போகக் கூடாதென்றால், கடலிலிருந்தும் வீட்டுக்கு வரக் கூடாதுதானே? எனக்கு அது நியாயமாகத் தெரிந்தது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. என் முதல் கப்பலில், அப்பா விழுந்துவிட்டார் என்ற செய்தி நடுக்கடலில் வந்தது. இறங்கிப் போக வழியில்லை. கீழே போய் வேலை செய்தேன், என்ன செய்தேன் என்றே தெரியாது. பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் சுழல்கிற தண்டில் சிக்கிப் போயிருப்பேன். "இனிமே எனக்கு எதுவும் சொல்லாதீங்க, கரைக்கு வந்து தெரிஞ்சுக்கிறேன்" என்று அன்றைக்குச் சொன்னது. எனக்காகப் போட்ட சட்டம். அதன் பாரத்தை ஒரு சின்னப் பெண் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று யார் கண்டது?

அடுத்த வாரம் துறைமுகத்தில் நிற்போம். சிக்னல் நன்றாக இருக்கும். அந்த அம்மா ஒத்துக்கொண்டால் நானும் வீடியோவில் வருகிறேன். என் அறையிலிருந்து, தனியாக. கையைக் காட்டுகிறேன்.

எனக்கு அந்த மாதிரி இடத்தில் பேசத் தெரியாது. என்ன பேச வேண்டும் என்று நீ ஒரு நாலு வரி எழுதி அனுப்பு.

நான்

*

மார்ச் 8

எழுதி அனுப்ப மாட்டேன். கோச்சிங் சென்டரை மூடியாயிற்று.

*

மார்ச் 19

என்னங்க,

அன்றைக்குக் கவுன்சிலர் அறையில் நீங்கள் போனை வைத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாதே, அதற்காக எழுதுகிறேன்.

நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோது நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, விசாரணை செய்தாள். பேனா பிடிக்க முடியுமா, ஸ்பூன் பிடிக்க முடியுமா, வெந்த இடத்தில் முடி முளைக்குமா. அதன் பிறகுதான் அந்தக் கத்தல். உங்களைப் பார்த்து "பொய்யி, பொய்யி, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பொய்யி" என்று அவள் கத்தியபோது நான் "அப்பாவைப் பார்த்து அப்படிப் பேசாத" என்று வாயெடுத்தேன். கவுன்சிலர் என் பக்கம் கையை லேசாக உயர்த்தினார். நீங்களும் தடுக்கவில்லை. "ஆமாடா. பொய்தான்" என்றீர்கள். நம் கல்யாணத்துக்குப் பிறகு உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன இடம் அதுதான்.

நீங்கள் போன பிறகு அவள் கேட்டது: "மேடம், எனக்குப் பைத்தியமா?" அத்தை சொன்னது காதில் விழுந்திருக்கிறது போல. "இல்ல. உன் வீட்டுல ஒரு அலாரம் இல்ல. அதனால நீயே அலாரமா இருந்திருக்க. அலாரத்துக்குத் தூக்கம் கிடையாதே, வயிறு வலிக்காம என்ன செய்யும்?" என்றார்.

அதிலிருந்துதான் எங்கள் ஒப்பந்தம் பிறந்தது. பள்ளிக்கூடம் போன நாட்களில் அவள் அங்கிருந்து "ஓகேவா? ஓகேவா?" என்று எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள், நானும் "ஓகே ஓகே" என்று பதில் போடுவேன். அது இனி கிடையாது. அந்தப் பதில் அவளுக்கு அரைமணிக்குக் கூடத் தாங்கவில்லை. அதற்குப் பதிலாக நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: எனக்கோ உங்களுக்கோ ஏதாவது ஆனால், அந்த நிமிஷமே, உள்ளது உள்ளபடி அவளுக்குச் சொல்வேன். சொல்லவில்லையென்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் நம்பலாம். "பரீட்சை நேரமா இருந்தாலும்?" என்று கேட்டாள். "இருந்தாலும்" என்றேன். சொல்லும்போது எச்சில் விழுங்கினேன், அதையும் கவனித்தாள்.

எனக்கென்று தனியாகவும் ஒரு நாள் வரச் சொன்னார். "பொண்ணுக்கு வயிறு வலிக்குது. உங்களுக்கு பயம் வந்தா எங்க வலிக்கும்?" என்றார். "எனக்கு வலிக்காது மேடம், வாய்தான் ஓடும்" என்றேன். அதை நிறுத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்தவுடன் முழு நாளும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலில் நூலகம் மட்டும், பிறகு ஒரு வகுப்பு, பிறகு மதியம் வரை. வகுப்பு ஆசிரியை ஒத்துக்கொண்டார். இனிமேல் ஒழுங்காக வந்தால் பரீட்சை எழுதவிடுவதாகப் பள்ளிக்கூடத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நுழைவாயில் வரை போனாள், உள்ளே போக முடியாமல் திரும்பிவிட்டாள். எனக்கு எல்லாம் போயிற்று என்று ஆகிவிட்டது. கவுன்சிலரோ, "கேட் வரைக்கும் போயிட்டாளா? நல்லது, அங்கருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். நேற்று உள்ளே போனாள். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் கூடப் படிக்கவில்லையாம். உட்கார்ந்தாளே!

உங்கள் அக்கா ஸ்வெட்டரை முடித்துவிட்டார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முதலாளி அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

உங்கள் மனைவி

*

ஏப்ரல் 2

ஏம்மா,

எனக்குப் பதிலாக வர வேண்டியவன் வரவில்லை. ஏப்ரலில் இறங்க முடியாது, ஜூன் ஆகும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். கையெழுத்தும் போட்டாயிற்று, வேறு வழியில்லை.

அவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை தொடங்குகிறது. இப்போதுதான் முழு நாளும் போகிறாள் என்று எழுதியிருந்தாய். பரீட்சை முடிந்த பிறகு சொன்னால் என்ன என்று இரண்டு நாளாக யோசித்தேன். வாய் வரை அந்தப் பழைய "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" வந்து நிற்கிறது. சமையல்காரர் சொன்னார்: "ஃபிட்டரே, உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே தெரியுது. அந்தப் பொண்ணு உன் விரலைக் கண்டுபிடிச்சவ."

ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன். முதல் வார்த்தையாக. அழுதாலும் கத்தினாலும் போனை வைக்க மாட்டேன். வரிசையில் நிற்கிறவர்கள் நிற்கட்டும்.

நான்

*

ஏப்ரல் 16

என்னங்க,

எனக்குக் கால் உடைந்துவிட்டது. கணுக்கால். கடையில் கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கும் ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைக் காணோம். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், வலி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. இது உண்மையாகவே ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயை வேண்டுமானால் அனுப்புகிறேன்.

விஷயம் அதுவல்ல. கீழே விழுந்தது நேற்றுக் காலையில். அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

ஆஸ்பத்திரிக்கு உங்கள் அக்கா ஓடி வந்தார். நான் போனைக் கையில் எடுத்ததுமே பிடுங்கிக்கொண்டார். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? பரீட்சை எழுதப் போற புள்ள! முடிச்சுட்டு வரட்டும், அப்புறம் சொல்லலாம். இப்ப சொன்னா எந்திரிச்சு ஓடி வந்துரும். வருஷமே போயிரும்." அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் வருவது தள்ளிப்போனதற்கு அவள் எப்படி அழுதாள் என்று நீங்களே பார்த்தீர்கள். மறுநாள் வீங்கிய கண்ணோடு பள்ளிக்கூடம் போனாள், அதுவும் உண்மை. ஆனால் அது கடலில் நடப்பது. இது நான். அவள் காவல் காத்த ஆள்.

பரீட்சை முடிந்த பிறகு சொன்னால், "இவ்வளவு நேரமும் தெரிஞ்சும் சொல்லல" என்று ஆகிவிடும். அதன் பிறகு நான் சொல்லாத ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குச் சந்தேகம்தான். "அண்ணி, போனைக் குடுங்க" என்றேன். கொடுக்கவில்லை. "அண்ணி, நான் அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்து நூற்கண்டை எடுத்தார்.

வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டேன். பரீட்சை தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அலுவலக அறைக்கு அழைத்து வந்து அவளிடம் போனைக் கொடுத்தார்.

"அம்மா கீழ விழுந்துட்டேன். கணுக்கால் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கேன். அத்தை கூட இருக்காங்க. வலிக்குது. வேற எங்கயும் அடி இல்ல. இவ்வளவுதான், மிச்சம் எதுவும் வெச்சுக்கல."

"வா" என்றும் சொல்லாமல், "வராதே" என்றும் சொல்லாமல், என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

"தலைல அடிபடலையே?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அத்தைகிட்ட போனைக் குடு." அத்தையிடமும் அதையே கேட்டாள். அத்தை என்னை முறைத்துக்கொண்டே, "வெறும் காலுதான்டி தங்கம், தலையெல்லாம் அப்படியேதான் இருக்கு, மாறவே இல்ல" என்றார்.

மறுபடி என்னிடம் வந்தாள். "நான் எழுதிட்டு வரேன். அதுவரைக்கும் நீ நடக்காத. பாத்ரூம் போகணும்னா அத்தையைக் கூப்பிடு. ஒத்தக் கால்ல குதிக்கிற வேலையெல்லாம் வேணாம்." வைத்துவிட்டாள்.

போய் எழுதினாள்.

மதியம் அந்தக் கோணல் ஸ்வெட்டரோடு உள்ளே வந்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உடைந்த கோட்டைத் தானே கண்டுபிடித்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். பிறகு என் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பரீட்சை எப்படி என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை.

"கணக்கு கஷ்டம்மா" என்றாள், வாயில் ரொட்டியோடு. "பாதியில உன் கால்தான் ஞாபகம் வந்துச்சு. கடைசிப் பெரிய கேள்வியைத் தொடவே இல்ல. பாஸ் ஆயிருவேன், ஆனா மார்க் கொறையும்."

உங்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உங்கள் மனைவி